கொடுப்பதற்காகப் பின்னுகிறவர்களின் கேள்விகள்

ஊசியும் நூலும் எடுத்து, யாருக்காவது உதவட்டும் என்று பின்னத் தொடங்கியவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள். சதுரம், குல்லா, மஃப்ளர், போர்வை என்று எளிய பொருட்களைப் பற்றித்தான் பெரும்பாலானவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் நிட் கண்ணி (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒரு நூல் வளையம்) மட்டும்தான் தெரியும். நூலை முன்னால் வைத்துப் போடும் பர்ல் இன்னும் கைவரவில்லை. தானமாகக் கொடுக்கும் தரத்தில் எதையாவது பின்ன முடியுமா?

தாராளமாக முடியும். எல்லா வரிசையிலும் நிட் மட்டும் போட்டால் வருவது கார்ட்டர் பின்னல். அது சுருளாது, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தடிமனாக வருவதால் நல்ல கதகதப்பும் தரும். போர்வைக்கான சதுரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பின்னல் வேறு கிடையாது. சதுரங்களை வாங்கி இணைத்துப் போர்வையாக்கித் தரும் அமைப்புகள் பல உண்டு. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காகச் சேகரிக்கும் 'நிட் எ ஸ்கொயர்' 20 செ.மீ. சதுரம் கேட்கிறது. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய 'வார்ம் அப் அமெரிக்கா' 7 அங்குலத்துக்கு 9 அங்குலச் செவ்வகங்கள் கேட்கிறது. 49 துண்டுகள் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு போர்வை. நீங்கள் கொடுக்கப்போகும் இடத்தில் என்ன அளவு என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு தொடங்குங்கள். 18 செ.மீ. சதுரத்தை 20 செ.மீ. சதுரங்களுக்கு நடுவே வைத்துத் தைக்கிறவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நடுத்தரப் பருமனுள்ள டி.கே. நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 30 கண்ணி ஏற்றி, ஒரு 10 செ.மீ. உயரம் பின்னுங்கள். துண்டை இழுக்காமல் மேசையில் பரப்பி, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 20 வந்தால் 20 செ.மீ. சதுரத்துக்கு 40 கண்ணி. 19 வந்தால் 38. ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கை உங்களுக்குப் பொருந்தாது.

கார்ட்டர் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். ஏறக்குறைய எத்தனை கண்ணியோ அத்தனை மேடு வந்தால் சதுரம். 40 கண்ணிக்கு 40 மேடு, அதாவது 80 வரிசை. ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், ஒரு மூலையை எதிர்மூலைக்கு மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் முடித்துவிடலாம். கடைசியில் 30 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள். இணைக்கிறவர்களுக்கு அந்த வால் பயன்படும்.

கேள்வி: 40 கண்ணியில் தொடங்கினேன். மேலே போகப்போக அகலம் கூடி 47 ஆகிவிட்டது. எங்கே தப்பு?

ஓரத்தில். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள். அதை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோனால், முதல் கண்ணி இழுபட்டு அதன் இரண்டு காலும் (வளையத்தின் முன்பக்க இழையும் பின்பக்க இழையும்) ஊசிமேல் ஏறி இரண்டு கண்ணியாகத் தெரியும். இரண்டையும் பின்னிவிட்டால் ஒன்று கூடிப்போகும். திருப்பியவுடன் நூலை ஊசிக்குக் கீழே முன்பக்கமாக இழுத்து, முதல் கண்ணி தனியாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஊசிக்கு அடியிலேயே பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

நடு வரிசையில் கண்ணி கூடியிருந்தால் காரணம் வேறு. பின்னலைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போது நூல் முன்பக்கம் கிடந்திருக்கும். அப்படியே நிட் போட்டால் நூல் ஊசியைச் சுற்றி ஒரு புதுக் கண்ணியும் ஓர் ஓட்டையும் விழும். வரிசை நடுவில் எழுந்திருக்காதீர்கள். 10 வரிசைக்கு ஒருமுறை கண்ணியை எண்ணுங்கள். தவறு தெரிந்தால் அதுவரை பிரிப்பதுதான் நல்லது. கூடிய ஏழையும் அடுத்த வரிசையிலேயே குறைத்துச் சமாளித்தால் சதுரத்துக்கு இடுப்பு விழுந்துவிடும்.

எண்ணுவதே பெரும்பாடு என்பவர்களுக்கு மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் முறை இருக்கிறது. 3 கண்ணி ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி நிட். இரண்டாவது கண்ணியின் முன்காலில் ஒரு நிட், அதை இறக்காமலே பின்காலில் இன்னொரு நிட். மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். முக்கோணத்தின் சாய்வான பக்க ஓரம் (ஊசியில் நிற்கும் அகலம் அல்ல) 20 செ.மீ. ஆனதும் கூட்டுவதை நிறுத்துங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒரே நிட், மீதி நிட். 3 கண்ணி மிஞ்சும்போது மூன்றையும் சேர்த்துப் பின்னி நூலை உள்ளே இழுத்துவிடலாம். உங்கள் கை இறுக்கமோ தளர்வோ, அளவு சரியாகவே வரும். பல பேர் சேர்ந்து ஒரு போர்வைக்குப் பின்னுவதானால் எல்லோரும் இந்த முறையையே பின்பற்றுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை.

கேள்வி: மஃப்ளர் ஓரம் குழாய் மாதிரி சுருண்டுகொள்கிறது. இஸ்திரி போட்டால் சரியாகுமா?

நீங்கள் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பின்னலின் இயல்பே சுருள்வதுதான். நிட் பக்கமும் பர்ல் பக்கமும் வேறுவேறு இழுவையில் இருப்பதால் பக்க ஓரங்கள் பின்னோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் வளையும். இஸ்திரி நிரந்தரத் தீர்வல்ல. அக்ரிலிக் நூலாக இருந்தால் சூட்டில் இழைகள் உருகிப் பின்னல் தொய்ந்து, பளபளப்பேறிச் செத்துப்போகும். மீட்கவே முடியாது.

மஃப்ளருக்குக் கார்ட்டர் பின்னல், அல்லது இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று போகும் ரிப். பெரியவர்களுக்கு 18 முதல் 20 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் போதும். சின்னக் குழந்தைகளுக்கு மஃப்ளரே வேண்டாம். விளையாடும் இடத்தில் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் குட்டையான கழுத்துவளையம் பின்னிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத பழைய நூல் நிறைய இருக்கிறது. எது கம்பளி, எது அக்ரிலிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கலந்து பின்னலாமா?

ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்பைக் காட்டுங்கள். கம்பளியானால் முடி பொசுங்கும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, எரிந்து, ஆறியபின் கறுப்பாகக் கெட்டி மணிபோல நிற்கும். பருத்தி காகிதம் எரிவதுபோல எரியும். வாடையும் அதுவேதான், சாம்பல் மிருதுவாக இருக்கும். இரண்டு குணமும் கலந்து தெரிந்தால் கலப்பு நூல்.

ஒரே பொருளில் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கலக்கவே வேண்டாம். வெந்நீரும் இயந்திரத்தின் அலைப்பும் சேர்ந்தால், கம்பளி இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் அப்படியே இருக்கும். முதல் சலவையிலேயே போர்வை அங்கங்கே இழுத்துக் குழிவிழும். வாங்கிக்கொள்கிற விடுதியிலோ மருத்துவமனையிலோ ஒவ்வொன்றையும் கையால் அலசிக் காயவைக்க ஆள் இருக்காது. அதனால்தான் பல அமைப்புகள் இயந்திரத்தில் துவைக்கத்தக்க நூல் மட்டும் போதும் என்கின்றன. கம்பளியே விருப்பமென்றால், சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி வாங்குங்கள்.

பழைய நூலில் இன்னும் இரண்டு சோதனை. ஒரு முழ நூலை இரு கையாலும் சட்டென்று இழுங்கள். எளிதில் அறுந்தால் பூச்சி அரித்தது, அல்லது நைந்துபோனது. அடுத்து, ஈரமாக்கி வெள்ளைத்துணியில் சுற்றி அழுத்துங்கள். சாயம் ஒட்டினால், அதிலும் சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்கள், வெளிர்நிறச் சதுரங்களோடு சேரக்கூடாது.

கேள்வி: பிறந்த குழந்தைகளுக்குக் குல்லா பின்ன ஆசை. வட்ட ஊசி இல்லை, இரண்டு நேர் ஊசிதான். அளவும் முறையும் சொல்லுங்களேன்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு பொதுவாக 33 முதல் 36 செ.மீ. குல்லா தலையைக் கவ்வி நிற்க வேண்டுமென்பதால் அதைவிடச் சற்றுக் குறைவாக, 32 செ.மீ. சுற்றளவுக்குப் பின்னுவோம். டி.கே. நூல், 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்ற கணக்கில் கீழே வருவது.

74 கண்ணி தளர்வாக ஏற்றுங்கள். கை இறுக்கமானவர்கள் ஏற்றுவதற்கு மட்டும் ஒரு 5 மி.மீ. ஊசி பயன்படுத்தலாம். குல்லா தலையில் ஏறவில்லை என்றால், பத்தில் ஒன்பது முறை காரணம் இந்த முதல் வரிசைதான். நெற்றியில் தடம் பதிவதும் இதனால்தான்.

முதல் வரிசை: இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போய் இரண்டு நிட்டில் முடியும். அடுத்த வரிசை: இரண்டு பர்ல், இரண்டு நிட் என்று போய் இரண்டு பர்லில் முடியும். இப்படி 3 செ.மீ. ரிப். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று, தொடக்கத்திலிருந்து அளந்தால் 10 செ.மீ. வரும்வரை. பர்ல் வரிசையில் நிறுத்துங்கள்.

இனி உச்சி. ஒரு நிட், பிறகு 7 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட் என்பதை 8 முறை, கடைசியில் ஒரு நிட். 66 கண்ணி நிற்கும். அடுத்த வரிசை முழுக்கப் பர்ல். அடுத்த குறைப்பு வரிசையில் 7-க்குப் பதில் 6 நிட், அதற்கடுத்ததில் 5 என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். நடுவே ஒவ்வொரு முறையும் ஒரு பர்ல் வரிசை. எட்டாவது குறைப்பில் இடையே நிட்டே இருக்காது, இரண்டு இரண்டாகச் சேர்ப்பது மட்டும்தான். ஊசியில் 10 கண்ணி மிஞ்சும். 40 செ.மீ. விட்டு நூலை வெட்டி, முனை மழுங்கிய பெரிய ஊசியில் கோத்து, பத்து கண்ணிக்குள்ளும் இரண்டு சுற்று ஓட்டி இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தை மேலிருந்து கீழே தைத்து வாருங்கள். இருபுறமும் ஓரத்துக் கண்ணி ஒவ்வொன்று மூட்டுக்குள் போய்விடும். ரிப்பும் முறியாமல் தொடரும். அதற்காகத்தான் 72 என்று நிறுத்தாமல் 74.

வேறு அளவு வேண்டுமானால் எட்டின் மடங்கோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். 58 கண்ணி ஏற்றினால் சுமார் 25 செ.மீ.; உச்சியில் 5 நிட்டில் தொடங்க வேண்டும். 90 ஏற்றினால் 40 செ.மீ.; 9 நிட்டில் தொடக்கம், ஒரு வயதுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். உயரத்தையும் அதற்கேற்பக் குறைக்கவோ கூட்டவோ மறக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு என்று ஒரே அளவு கிடையாது. அந்தப் பிரிவின் செவிலியரிடம் கேட்டு, அவர் சொல்லும் சுற்றளவுக்கே பின்னுங்கள்.

உச்சியில் நூல்பந்து, பொத்தான், முத்து, ரிப்பன், தாடைக்குக் கீழே கட்டும் கயிறு எதுவுமே கூடாது. கழன்றால் வாய்க்குள் போகும், கயிறானால் கழுத்தைச் சுற்றும். பல நிறம் வைத்துப் பின்னும்போது உள்பக்கம் நீளநீளமாக ஓடும் நூலும் ஆபத்துதான். குட்டி விரல் அதில் சிக்கி ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். குல்லாவைவிடக் காலுறையிலும் கையுறையிலும் இந்த ஆபத்து அதிகம். அங்கோரா, மொஹேர் போன்ற மயிர் உதிரும் நூலையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பிறந்தவுடன் உடல் வெப்பம் காக்கத்தான் மருத்துவமனையில் குல்லா போடுகிறார்கள், அங்கே கண்காணிப்பு இருக்கிறது. வீட்டுக்குப் போனபின் தூங்கும் குழந்தைக்குத் தலையில் குல்லா வேண்டாம்: தலை வழியாகத்தான் குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றும், குல்லா நழுவி முகத்தை மூடவும் கூடும். நீங்கள் வைக்கும் குறிப்புச்சீட்டில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் நல்லது.

கேள்வி: புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்கும் இதே குல்லாவைப் பெரிதாகப் பின்னினால் போதுமா?

போதாது. அந்தச் சமயத்தில் மண்டைத்தோல் தொட்டாலே எரியும் அளவுக்கு மென்மையாக இருக்கும். கம்பளி குத்தும். மிருதுவான பருத்தி, மூங்கில் இழை கலந்த பருத்தி, அல்லது குழந்தைகளுக்கென்று விற்கும் மென்மையான அக்ரிலிக் எடுத்துக்கொள்ளுங்கள். நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் அது வேண்டாம்.

பெரியவர்கள் தலை 54 முதல் 58 செ.மீ. இருக்கும், குல்லா 48 முதல் 50 செ.மீ. பின்னலாம். முடி இல்லாததால் குல்லா வழக்கத்தைவிட ஆழமாக வேண்டும். உச்சியிலிருந்து ஓரம்வரை 21, 22 செ.மீ. இருந்தால்தான் பிடரியும் காதின் மேல்பகுதியும் மறையும். ஓட்டை விழும் பின்னல் எதுவும் வேண்டாம், வழியே தலை தெரியும். உள்ளே தடித்த மூட்டுத்தையலும் முடிச்சும் இருக்கக்கூடாது. முடிந்தால் வட்ட ஊசியில் தையலே இல்லாமல் பின்னுங்கள். நிறத்தில் மனம்விட்டு விளையாடலாம். இந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவருக்கு அது அழகாக இருப்பது முக்கியம். சாம்பல் நிறமே பத்துப் பேர் அனுப்பாதீர்கள்.

கேள்வி: நூல்முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடலாமா?

கூடாது. முடிச்சு சலவையில் அவிழும், அல்லது உடம்பில் உறுத்தும். 15 செ.மீ. முனை விட்டு, பெரிய ஊசியில் கோத்து, பின்பக்க மேடுகளுக்குள் ஒரு திசையில் 4 செ.மீ., திரும்பி எதிர்த்திசையில் 3 செ.மீ., பிறகு குறுக்கே கொஞ்சம் என்று நுழைத்து, துணியை நன்றாக இழுத்துவிட்டு, அதன் பிறகு வெட்டுங்கள். இழுக்காமல் வெட்டினால் முனை வெளியே துருத்தும். வழுக்கும் பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் திசை மாற்றுவதுதான் பிடிமானம்.

புது உருண்டையை வரிசை நடுவில் அல்லாமல் ஓரத்தில் தொடங்குங்கள். மிஞ்சிய நூல் இன்னொரு வரிசைக்குப் போதுமா என்று சந்தேகமா? பின்னலின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் இருந்தால் வரும்.

கேள்வி: 20 செ.மீ. சதுரங்கள் 35 சேர்ந்துவிட்டன. எப்படி இணைப்பது?

அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7. ஒரு மீட்டருக்கு 1.4 மீட்டர் போர்வை கிடைக்கும், ஒரு சிறுவருக்குத் தாராளம். தரையில் பரப்பி நிறங்களை முடிவு செய்து, வரிசைக்கிரமமாக எண் எழுதிய துண்டுச்சீட்டைக் கட்டிவையுங்கள். முதலில் ஐந்தைந்தாக ஏழு பட்டைகள் தைத்து, பிறகு பட்டைகளை இணையுங்கள். சதுரங்களின் கோடுகள் ஒன்று படுக்கையாகவும் அடுத்தது நெடுக்காகவும் மாறி மாறி வந்தால் போர்வை ஒரே பக்கம் தொய்யாது. சதுரங்கள் எந்த இழையோ தைக்கும் நூலும் அதே இழை. மூட்டைச் சுண்டி இழுத்தால் கொஞ்சம் நெகிழ வேண்டும். விறைத்து நின்றால் ஒருநாள் நூல் அறும்.

கேள்வி: நிறையப் பின்னி வைத்துவிட்டேன். யாரிடம் கொடுப்பது?

பின்னுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் எண்ணெய்க் கசிவில் சிக்கிய சின்ன இனப் பென்குயின்களுக்குச் சிறு கம்பளிச் சட்டை போடுவார்கள், கழுவும்வரை அவை அலகால் இறகைக் கோதி எண்ணெயை விழுங்காமலிருக்க. செய்தி பரவியதும் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த சட்டைகள் தேவையைவிடப் பலமடங்கு. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்று நிதி திரட்டினார்கள். அங்கே அப்படி ஒரு வழி இருந்தது; எல்லா இடத்திலும் இருக்காது.

முதியோர் இல்லம், பிரசவப் பிரிவு, குழந்தைகள் விடுதி, வீடற்றோர் தங்குமிடம் என்று ஒவ்வோர் இடத்திலும் நேரில் நான்கு விஷயம் கேளுங்கள்: என்ன பொருள், எந்த அளவு, எந்த நூல், எந்த மாதத்துக்குள். முதியோர் இல்லங்களில் மடியில் போட்டுக்கொள்ள 90 செ.மீ. சதுரப் போர்வை கேட்பார்கள். அதைவிட நீளமானால் சக்கர நாற்காலியில் சிக்கும். குழந்தைக் குல்லா நிறைய வந்துகொண்டிருக்கும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்றும் வராமல் இருக்கும். கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி: கொடுப்பதற்கு முன் துவைக்கத்தான் வேண்டுமா? புதிதாகப் பின்னியதுதானே?

துவைத்தே கொடுங்கள். பின்னும் நாட்களில் கை எண்ணெய், சமையல் வாடை, செல்லப்பிராணியின் முடி எல்லாம் ஏறியிருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அதுவே தொல்லை. வாசனை இல்லாத சோப்பு போதும், வாசனைத் திரவம் சேர்க்க வேண்டாம். ஈரத்துணியை முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, சமதளத்தில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

காய்ந்ததும் உள்ளங்கையால் முழுவதும் தடவிப் பாருங்கள். குண்டூசி குத்தி அளந்திருந்தால், குத்தியது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணுங்கள். ஒளி ஊடுருவும் பையில் ஓர் அளவுக்கு ஒரு பை என்று பிரித்து வைத்து, 'பருத்தி, இயந்திரத்தில் துவைக்கலாம், சுற்றளவு 32 செ.மீ.' என்பதுபோல ஒரு சீட்டை உள்ளே போடுங்கள். சீட்டைப் பொருளோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தாதீர்கள்; நூலால் தளர்வாகக் கட்டினால் போதும்.